மூன்று மாத வெளிச்சம்

ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட கட்டு வண்டியிலேயே அவிழ்ந்துபோயிருந்தது. ஞானசேகரன் செத்துக்கிடந்த தன் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்து, வேட்டிக் கிழிசலால் மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சுப் போடுவது அவனுக்குக் கைவந்த காரியம். பத்து வருஷமாகக் கரண்ட் ஆபீசில் கம்பி முறுக்குகிற கை. அன்றைக்கு மூன்று தரம் போட்டும் முடிச்சு நழுவியது.

"இறுக்கிக் கட்டுடா, சேகரு," என்றாள் சின்னத்தாயி அத்தை. "விரலு விரிஞ்சா வூட்டுக்கு ஆவாது."

அத்தை, எப்போதோ போய்ச்சேர்ந்த அப்பாவின் தங்கை. தொம்மலூரிலிருந்து சேதி கேட்ட கையோடு வந்துவிட்டாள். சொந்தத்தில் எந்தச் சாவு வீட்டுக்கும் முதலில் வருகிறவள் அவள்தான், கடைசியில் போகிறவளும் அவள்தான். நடுவில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருப்பாள். அவள் இல்லாவிட்டால் ஒரு பிணம்கூட நேரத்துக்குக் கிளம்பாது.

பாயில் ஆதிகேசவன் படுத்திருந்தான். நாற்பத்தோரு வயது. பிரிகேட் ரோட்டில் மிலிட்டரி ஆபீசர்களுக்குக் கோட்டு தைக்கிற கடையில் தையற்காரன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வலது உள்ளங்கையில் மட்டும் குழாயின் திருகைப் பிடித்த இடத்தில் ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. அத்தனை பெரிய ஆளைக் கொண்டுபோவதற்கு இவ்வளவுதானா அடையாளம் என்று ஞானசேகரனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மீது ஆத்திரப்படுவது என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

காலையில் நடந்தது இதுதான். ராத்திரியெல்லாம் மழை. விடிகிற நேரத்தில் நீலசந்திராவில் அவர்கள் தெருக்கோடியில் மின்கம்பி ஒன்று அறுந்து, தெருக்குழாயின் பின்பக்கமாக அதைத் தொட்டபடி விழுந்து கிடந்தது. ஐந்தரை மணிக்கு ஆதிகேசவன் குடத்தோடு போனான். அரை இருட்டில் கம்பியைப் பார்க்கவில்லை. குழாயில் கையை வைத்தான், அவ்வளவுதான்.

கூச்சல் கேட்டு ஞானசேகரன் ஓடிவந்தபோது அண்ணன் குழாயைப் பிடித்தபடி மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். தொட்டால் தொட்டவனும் போவான். அது அந்தத் தெருவில் வேறு எவனைவிடவும் ஞானசேகரனுக்குத் தெரியும். இருநூறு கஜம் தள்ளி டிரான்ஸ்பார்மர். அதன் கீழே இரும்புப் பெட்டிக்குள் மூன்று பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள். அவற்றைப் பிடுங்கினால்தான் தெருவில் கரண்ட் நிற்கும். அண்ணனைப் பார்த்துக்கொண்டே, அண்ணனைத் தாண்டி அவன் ஓடினான். இடுப்புக் கயிற்றில் இருந்த சாவியால் பெட்டியைத் திறந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கி உள்ளே போட்டுவிட்டு மறுபடி ஓடிவந்தான். அதற்குள் அண்ணன் ஒருக்களித்து விழுந்திருந்தான். குடம் உருண்டு சாக்கடையில் கிடந்தது.

நடுக்கட்டையைப் பிடுங்கியபோது அதிலிருந்த கம்பியை அவன் பார்த்தான். முழுசாக, மினுமினுவென்று இருந்தது. அறுந்திருக்க வேண்டிய கம்பி அது. அறாததற்குக் காரணம், அதைப் போட்டவன் அவன்.

ஃப்யூஸ் என்பது தோற்றுப்போவதற்கென்றே போடுகிற கம்பி. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது முதலில் உருகி அறுந்து மற்றதையெல்லாம் காப்பாற்ற வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு மேலே ஒரு ஃப்யூஸ் உண்டு. ஆனால் அது டிரான்ஸ்பார்மரைத்தான் காக்கும். தெருக்கோடியில் ஒரு கம்பி அறுந்து விழுந்தால் மேலே இருக்கிற அதற்குச் சேதியே எட்டாது. தெருவில் ஓடுகிற கம்பிக்கும், அதன் கீழே நடமாடுகிற மனுஷனுக்கும் காவல், பெட்டிக்குள் இருக்கிற மெல்லிய கம்பிதான்.

மாசி மாதம் வரைக்கும் அது ஒழுங்காகத் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. நாற்பது வீட்டுக்கென்று வைத்த டிரான்ஸ்பார்மரில் இன்னும் இரண்டு தெருக்களையும், ஒரு லேத்துப் பட்டறையையும், ஒரு சோடா கம்பெனியையும் மாட்டிவிட்டிருந்தார்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்று எழுதின காகிதம் இரண்டு வருஷமாக மேஜைக்கு மேஜை நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஏழு மணியானால் போதும், ஃப்யூஸ் போய்விடும், தெரு இருட்டாகிவிடும். எல்லோரும் ஞானசேகரன் வீட்டு வாசலுக்கு வருவார்கள். சோற்றில் கை வைத்தவன் எழுந்து ஓடுவான். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி போகும்.

"டேய், நீ கரண்ட் ஆபீசுல இருக்கறது ஊருக்கே தெரியுது, நம்ம வூட்டு பல்புக்குத் தெரியலியே," என்று அண்ணன் ஒரு நாள் கேலி செய்தான். கடையிலிருந்து கோட்டுகளைக் கொண்டுவந்து ராத்திரியில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பான் அவன். "இருட்டுல ஊசி கோக்கறதுக்கு நான் இன்னா பூனையா? போவாம இருக்கற மாரி எதுனா பண்ணுடா."

மறுநாள் ஞானசேகரன் லைன் கம்பியில் மூன்று இழை பிரித்து, முறுக்கி, எப்போதும் போகிற நடுக்கட்டையில் வைத்துத் திருகிவிட்டான். புதுசாக அவன் கண்டுபிடித்த வித்தை இல்லை. அந்தச் செக்‌ஷனில் பாதிப் பெட்டிகளில் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதம் தெருவில் விளக்கு அணையவில்லை. சோடா கம்பெனிக்காரர் பண்டிகைக்கு ஒரு டஜன் கோலிசோடா அனுப்பினார். தெருக் கம்பிக்கு அளவு மீறிய சுமை. அது மூன்று மாதமாகச் சூடேறிச் சூடேறி, இணைப்புப் போட்ட இடத்தில் நொந்துபோயிருந்தது. நேற்று ராத்திரி மழைக்கு விட்டுவிட்டது.

"நான்தான் அனுப்பிச்சேன்! பாவி நான்தான் போ போன்னு அனுப்பிச்சேன்!"

சுவரோரம் சந்திரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஞானசேகரனின் அண்ணி. தினமும் தண்ணீருக்குப் போகிறவள் அவள்தான். இரண்டு நாளாக ஜுரம். "இன்னிக்கு ஒரு நா நீ போயி ரெண்டு கொடம் புடிச்சாந்துடேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைக் காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருல ஆம்பள தண்ணிக்குப் போறான்?" என்று வாசலில் ஒருத்தி கிசுகிசுத்தாள். "எழுந்து இவளே போயிருந்தா கம்பி கெடக்கறது கண்ணுல பட்டிருக்கும். தெனம் போறவளுக்குத் தெரியாதா?"

கிசுகிசுப்பு என்றாலும் கூடம் முழுக்கக் கேட்டது. சந்திரம்மாவுக்கும் கேட்டது. அவள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஞானசேகரன் அண்ணனின் கால்களைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தலையாட்டல் நின்றுவிடும். அவன் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினான்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் ஆபீஸ் ஓவர்சியர் கிருஷ்ணப்பா வந்தார். கறுப்புக் கோட்டு. ஆதிகேசவன் தைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காலடியில் மாலையை வைத்துக் கும்பிட்டார். பிறகு ஞானசேகரனை வாசலுக்கு அழைத்துப்போனார். அவருக்குத் தாய்மொழி கன்னடம். தமிழ் லைன்மேன்களோடு இருபது வருஷம் இருந்து தமிழும் கலந்து வரும்.

"நோடு, பாரு சேகரு. ஒரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு, பெட்டியப் பாக்க. நீ அல்லி, அங்க, வரவே வேணாம். அண்ணன் காரியத்த கவனி."

"சார், அந்த நடுக்கட்டையில—"

"சும்னிரு," என்றார் கிருஷ்ணப்பா, அவன் தோளை அழுத்தி. "வாயத் தெறக்கபேடா. நான் பாத்துக்கறேன்."

அவர் போய்விட்டார். ஞானசேகரன் உள்ளே வந்தான். இன்னும் ஒரு மணி நேரம். சாவி இடுப்பில். பெட்டி கூப்பிடு தூரம். கம்பியை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். மாற்றிவிட்டால் வேலை பிழைக்கும். அண்ணனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இனி அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவன் அவன் ஒருத்தன்தான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது பக்கத்துவீட்டு அம்மாள் ஒரு டம்ளர் காப்பியை சந்திரம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். அவள் அதைத் தட்டிவிட்டாள். "என் ஜுரத்துக்கு அவரைக் காவு குடுத்துட்டு நான் காப்பி குடிக்கறதா?"

ஞானசேகரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்கடா? குளிப்பாட்டற நேரம்!" என்று அத்தை கத்தினாள்.

"பத்து நிமிஷம் அத்தே. வந்துர்றேன்."

டிரான்ஸ்பார்மருக்குக் கீழே குடையோடு ஒருவர் நின்றிருந்தார். மின்சார இன்ஸ்பெக்டர் சுந்தரராமன். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. கிருஷ்ணப்பா பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஞானசேகரனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இவன் செத்துப்போனவனோட தம்பி, சார். நம்ம செக்‌ஷன்லயே வேலை," என்றார்.

"அடடா," என்றார் சுந்தரராமன். உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீங்க ஏம்ப்பா இப்ப இங்க வந்தேள்?"

"நடுக்கட்டையப் பாருங்க சார்." ஞானசேகரன் மூச்சு விடாமல் சொன்னான். "அதுல இருக்கறது ஃப்யூஸ் கம்பி இல்ல. லைன் கம்பி. மூணு இழை முறுக்கி நான்தான் போட்டேன், மாசி மாசம். அது போவாது. அதனாலதான் கம்பி விழுந்தும் கரண்ட் நிக்கல. எங்கண்ணன் மேல தப்பில்ல, அண்ணி மேலயும் தப்பில்ல."

கிருஷ்ணப்பா தலையை உயர்த்திக் கம்பத்தைப் பார்த்தார். சுந்தரராமன் பெட்டிக்குள் கையை விட்டு நடுக்கட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

பீங்கானில் கரி படிந்திருந்தது. இரண்டு முனையிலும் மெல்லிய கம்பி, நடுவில் அறுந்து, நுனியில் கடுகளவு குண்டு கட்டியிருந்தது. சரியான அளவுக் கம்பி. சரியாக வெந்து அறுந்த கம்பி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஞானசேகரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புரிந்துவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் கிருஷ்ணப்பா கம்பியை மாற்றியிருக்கிறார். வெறுமனே மாற்றினால் தெரிந்துவிடும் என்று வேறு எங்கேயோ கொண்டுபோய் அதை நிஜமாகவே எரித்திருக்கிறார். இருபது வருஷ அனுபவம்.

"இது அது இல்ல சார். நான் புடுங்கறப்ப முழுசா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"கூடப் பொறந்தவன் அங்க கெடக்கறச்சே யார் கண்ணுக்கு என்ன தெரியும்? தப்பா நெனச்சுக்காதீங்கோ. துக்கத்துல மனசு எதையாவது பிடிச்சுக்கும்."

"புகார்ப் புஸ்தகத்தப் பாருங்க சார்! மாசி வரைக்கும் தெனம் ஏழு மணிக்கு ஃப்யூஸ் போச்சுன்னு எழுதியிருக்கும். அப்புறம் மூணு மாசமா ஒண்ணுமே இல்ல. எப்டி சார் இல்லாம போவும்?"

"பார்த்தேனே," என்றார் சுந்தரராமன். "இந்த செக்‌ஷன்ல மெயின்டனன்ஸ் திருப்திகரமா இருக்குன்னு அதை வச்சுத்தான் எழுதியிருக்கேன்."

ஞானசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்திருந்தால் பைத்தியம் என்றே எழுதிவிட்டிருப்பார்கள்.

சுந்தரராமன் கட்டையை வாங்கி, பீங்கானைக் கட்டைவிரலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். கரி விரலில் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். ஞானசேகரனைப் பார்த்தார். என்னவோ கேட்கப்போகிறவர் மாதிரி வாய் திறந்தது. பிறகு கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். இறந்தவர் அறுந்து கிடந்த கம்பியைக் கவனியாமல் அஜாக்கிரதையாகக் குழாயைத் தொட்டதால் விபத்து நேர்ந்தது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குடையைப் பிரித்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார்.

ஜீப் திரும்பியதும் கிருஷ்ணப்பா ஞானசேகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஹுச்சா நீ! பைத்தியமா? உன்ன ஜெயில்ல போட்டா ஆதி எழுந்து வருவானா? அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு யாரு சோறு போடறது? நீ மட்டுமா மாட்டுவ? எல்லா லைன்மேனும் மாட்டுவான். நானும் மாட்டுவேன். தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டேன் நான், தெனம் தெனம்!" அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "ஆயித்து. முடிஞ்சுபோச்சு. வுட்டுடு."

"அந்தக் கம்பி எங்க சார்?"

"ஹலசூர் ஏரில."

கெட்டவராக இருந்தால் அடித்திருப்பான். அவர் நல்லவர். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே இல்லை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆதிகேசவனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கிற உரிமை தம்பிக்கு. சுடுகாட்டில் மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு, தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு அண்ணனை மூன்று சுற்று சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டியான் பின்னாலிருந்து குடத்தில் ஒரு ஓட்டை போட்டான். முதுகில் தண்ணீர் ஒழுகியது. "திரும்பிப் பாக்காத நட" என்றார்கள். நடந்தான். கூட வந்தவர்கள், தம்பி என்றால் இவனல்லவா தம்பி, காலையில் எப்படி ஓடினான் பார்த்தாயா என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஐந்தரை. அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவிவிட்டு, ஒரு அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். குழந்தைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் தூங்கின. சந்திரம்மா அகலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். ஞானசேகரன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி. நீங்க அனுப்பினதால இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் போட்ட கம்பியால. லைட்டு போவக்கூடாதுன்னு பெட்டியில தடிக்கம்பி போட்டேன். மெல்லிசு இருந்திருந்தா, லைன் குழா மேல விழுந்தப்பவே பொசுங்கிப் போயிருக்கும். தெரு இருட்டா இருந்திருக்கும். அண்ணன் தண்ணி புடிச்சிகினு வந்திருக்கும். நீங்க போயிருந்தா நீங்க செத்திருப்பீங்க. யாரு போயிருந்தாலும் செத்திருப்பாங்க. கொன்னது நான்."

சொல்லிவிட்டான். இடி விழும் என்று காத்திருந்தான். அடிப்பாள், சபிப்பாள், வீட்டை விட்டுப் போகச் சொல்வாள். எதுவாக இருந்தாலும் சரி. அவள் அப்படிச் செய்தால் போதும் என்றிருந்தது.

"அந்த ஆபீசரு பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குதுன்னு சொன்னாராமே," என்றாள் சந்திரம்மா மெதுவாக. "கிருஷ்ணப்பா வந்து சொல்லிட்டுப் போனாரு."

"அவரு மாத்திட்டாரு அண்ணி. எனக்கோசரம் மாத்திட்டாரு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையை, சிவந்த கண்ணை. பிறகு அவள் முகம் இளகியது.

"தம்பி, நான் இந்த வூட்டுக்கு வர்றப்ப உனக்குப் பதினாலு வயசு. பால் கொட்டிட்டேன், உங்கம்மா என்னைத் திட்டும்னு நீ கொட்டினதா சொன்னே. சோறு தீஞ்சா நான்தான் அடுப்ப ஏத்துனேன்னு சொல்லுவே. எத்தினி அடி வாங்கியிருப்பே எனக்கோசரம்." அவள் மூக்கைச் சிந்தினாள். "இதயும் நீயே எடுத்துக்கப் பாக்கறே. வேணாம் தம்பி. இது என்னுது."

"அண்ணி, சத்தியமா—"

"சாமி மேல சத்தியம் பண்ணாத. நீ நல்லா இருக்கணும். நீ இருந்தாத்தான் நாங்க உயிரோட இருப்போம்."

அவன் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். இனி யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணன் ஒருவன் நம்பியிருப்பான். "அட முட்டாப்பயலே" என்றிருப்பான்.

ஆறரை மணிக்குப் புதுக் கம்பி இழுத்து லைன் கொடுத்தார்கள். தெரு முழுக்க பல்புகள் எரிந்தன. ஏழு மணிக்கு லேத்துப் பட்டறையில் சாயங்கால ஷிப்டு ஓடத் தொடங்கியது. ஏழேகாலுக்கு எல்லாம் அணைந்தது.

கொஞ்ச நேரம் தெரு தயங்கியது. சாவு வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட யாருக்கும் மனசில்லை. பிறகு லேத்துக்காரர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதப்பா சேகரு. ஆபீசுக்கு போன் போட்டா ஆளு காலைலதான் வருமாம்" என்றார்.

ஞானசேகரன் எழுந்து போனான். பெட்டியைத் திறந்து சரியான மெல்லிய கம்பியைக் கட்டிப் போட்டான். விளக்கு வந்தது. அவன் வீடு வந்து சேருவதற்குள் போனது. மறுபடி போட்டான். மறுபடி போனது. ஃப்யூஸ் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூன்றாம் தடவைக்கு பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"மூணு மாசம் நல்லாத்தானே இருந்திச்சி?"

"பாவம், அவன் கையி இன்னிக்கி அவன்கிட்ட இல்ல."

"முந்தி போட்டியே, அந்தக் கம்பி இல்லியா? அதயே போடேன்பா," என்றார் லேத்துக்காரர்.

ஞானசேகரன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அவன் நடுக்கட்டையில் மெல்லிய கம்பியையே திருகி மாட்டினான். "பட்டறைய நிறுத்துனா ஃப்யூஸ் நிக்கும். இல்லன்னா நிக்காது" என்று மட்டும் சொன்னான். லேத்துக்காரர் என்னவோ முணுமுணுத்துவிட்டு, துக்க வீட்டு ஆள் என்பதால் போய் மோட்டாரை நிறுத்தினார். விளக்கு அணையாமல் நின்றது.

திரும்பி வந்தபோது உள்ளே அத்தையின் குரல் கேட்டது.

"தாலியறுத்தவ மூணு நாளைக்கு வாசப்படி தாண்டக்கூடாது. ஊரு சிரிக்கும்டி. தண்ணிக்குப் பக்கத்து வூட்டு லட்சுமம்மா போவட்டும்."

"யாரும் போவ வேணாம்," என்றாள் சந்திரம்மா. "இன்னிக்கிப் போயிருக்க வேண்டியவ நானு. நாளைக்காச்சும் போறேன்." கதவருகே ஞானசேகரனைக் கண்டதும் அவனிடம் திரும்பினாள். "ஏன் தம்பி, அந்தக் குழாயத் தொடலாமா?"

தொடலாம். பெட்டியில் இப்போது இருப்பது சரியான கம்பி. இனி எது விழுந்தாலும் அந்த நொடியே அறும். பத்து வருஷம் படித்த பாடம் அது.

"நான் வர்றேன் அண்ணி," என்றான்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். குடங்கள் வரிசையாகத் தரையில் இருந்தன. யாரும் குழாயின் பக்கத்தில் போகவில்லை. ஒருத்தி கல்லெடுத்துத் திருகின் மேல் எறிந்து பார்த்தாள். இன்னொருத்தி ராத்திரியெல்லாம் ஒருவருக்கும் தூக்கமில்லை என்றாள். மழை விட்டிருந்தது. சந்திரம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு குடத்தோடு வந்தபோது அவர்கள் விலகி வழி விட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு ஞானசேகரன் டிரான்ஸ்பார்மரை நோக்கி நடந்தான். தெருவிளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. அவன் திரும்பி வந்தபோது மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான். மொட்டைத் தலையில் பனி இறங்கியிருந்தது.

முதலில் அவனே போய்க் குழாயின் திருகைப் பிடித்தான். உள்ளங்கை முழுவதையும் வைத்துப் பிடித்தான். திருகினான். காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது.

"வையுங்க அண்ணி."

சந்திரம்மா குடத்தை வைத்தாள். நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவன் கையில் இருந்த கட்டைகளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தவள் தன் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

"தெனமும் இப்டி வந்து நிப்பியா தம்பி?" என்று கேட்டாள் பின்னால் நின்றவள்.

ஞானசேகரன் கட்டைகளை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். இன்னும் ஆறு குடங்கள் இருந்தன.